முந்திரி எழுதிய மூன்று வரி

கண்ணாடிக் கடைக்காரிக்கு அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘முந்திரி’ என்றால்தான் தெரியும். எதற்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர், நாற்பத்து மூன்று வயதிலும் உதிரவில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த நேரம் கரண்ட் போகும், எல்லாம் அவள் போனிலிருந்துதான் முதலில் புறப்படும். மொத்தம் பதினாறு வாட்ஸ்அப் குழுக்கள்.

கடையின் முன்பக்கம் கணவர் கண் பரிசோதிப்பார். தடுப்புக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறையில், அவள் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று தடவை அளக்காமல் மெஷினைத் தொடமாட்டாள்.

அன்று காலை எட்டு மணி. ஒரு குழுவில் பதினொரு விநாடி வீடியோ வந்து விழுந்தது. எதிர்மாடி ஜன்னலிலிருந்து யாரோ எடுத்தது. சத்தம் இல்லை. நடைபாதையில் ஒரு பழுப்பு நாய் அசைவில்லாமல் கிடக்கிறது. ஒரு பெண் மண்டிபோட்டு, இரண்டு கையையும் சேர்த்து, அதன் விலாவில் குத்து குத்தென்று குத்துகிறாள். அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தைகூட வரவில்லை. பின்னால் தெரிந்த பச்சை ஷட்டரை முந்திரிதான் அடையாளம் கண்டாள். பக்கத்துத் தெருவிலிருக்கும் நாய் டாக்டரம்மாவின் கிளினிக்!

அவளுக்கு ரத்தம் கொதித்தது. விரல்கள் பறந்தன.

‘நாய் டாக்டரே நாயை அடித்துக் கொல்கிறாள்.
கல்நெஞ்சக்காரி.
விடாதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்க.’

பதினாறு குழுக்களுக்கும் தட்டிவிட்டாள். ஒன்பது மணிக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கே நகர்ந்துவிட்டது. கோபம், அழுகை, சாபம். அவள் எழுதிய மூன்று வரியே, அவளுக்குத் தெரியாத ஆட்களின் கையிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது.

“நீ நேர்ல பாத்தியா?” என்றார் கணவர்.

“வீடியோ இருக்கே! கண்ணுக்குத் தெரியறதை நம்பாம வேற எதை நம்பச் சொல்றீங்க?”

“கண்ணு டெஸ்ட் பண்றவன்கிட்டயே இதைச் சொல்றியா?”

“உங்களுக்கு எதிலயும் சந்தேகம்தான்,” என்று தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். மத்தியானம் அடுத்த செய்தி வந்தது: ‘நாலு மணிக்கு எல்லாரும் பச்சை ஷட்டர் முன்னாடி கூடணும்.’ அவளுக்குப் புல்லரித்தது. நான் பற்றவைத்தது, என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு ரிட்டயர்டு தபால்காரர் கடைக்குள் வந்தார். ஒரு கையில் கம்பி நெளிந்த, ஒரு பக்கம் லென்ஸ் நொறுங்கிய மூக்குக்கண்ணாடி. இன்னொரு கை அணைப்பில், துண்டு சுற்றிய பழுப்பு நாய்.

“கண்ணாடி என் முட்டிக்குக் கீழதாம்மா நசுங்கிச்சு. நேத்து சாயங்காலம் நம்ம தந்தி இருக்கானே, ரப்பர் பந்தை முழுங்கிட்டான். தொண்டையில அடைச்சு, நடைபாதையிலயே சாஞ்சுட்டான். மூச்சே இல்ல. டாக்டரம்மா ஓடி வந்து பந்தை வெளிய எடுத்தாங்க. அப்பவும் அசையல. நெஞ்சுல கைய வச்சு அமுக்குனாங்க பாரு, அமுக்கு அமுக்குன்னு! நான் போச்சுன்னே நெனச்சேன். கடைசியில ஒரு இருமல் இருமுனான்!”

தந்தி என்கிற அந்த நாய் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி முந்திரியின் கையை நக்கியது. காலையில் வீடியோவில் அசையாமல் கிடந்த அதே பழுப்பு நாய்.

“ராத்திரி கிளினிக்லயே வச்சுப் பாத்துக்கிட்டாங்க. காலையில இவனைக் கூட்டிட்டு வரப் போனேன். அவங்க போன் ஓயாம அடிக்குது. முகமே வெளிறிக் கிடந்துச்சு. என்னம்மான்னா, ஒண்ணுமில்லங்கறாங்க,” என்றார் தபால்காரர். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். ஊரே பார்த்த வீடியோவை அவர் மட்டும் பார்த்திருக்கவில்லை.

முந்திரியின் விரல் தானாகவே போனுக்குப் போனது. அழித்துவிடலாம். பதினாறு இடத்திலும் அழித்துவிட்டால்? அழித்தால் அவள் பெயர் மட்டும்தான் மறையும். அந்த மூன்று வரி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மைக்கை அழுத்திப் பிடித்தாள். “நான் கண்ணாடிக் கடை முந்திரி பேசறேன். காலையில நான் எழுதுனது பொய். அந்தம்மா நாயை அடிக்கல, காப்பாத்தியிருக்காங்க. நாய் உயிரோட என் பக்கத்துலதான் இருக்கு. விசாரிக்காம எழுதுனது என் தப்பு. யாரும் அங்க போகாதீங்க.” பதினாறு குழுவுக்கும் அனுப்பினாள். யார் கேட்கப்போகிறார்கள்? மணி மூன்று ஐம்பது.

“ஐயா, தந்தியைத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறுங்க. போற வழியில எல்லாம் சொல்றேன்!”

ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் ஒரு கையால் நாயையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு தபால்காரர். “மெதுவா போம்மா, இப்பதான் ஒருத்தன் பொழைச்சிருக்கான்!”

அவள் கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அடுத்த திருப்பத்தில்தான், “அந்தப் பொண்ணையா?” என்று ஒரே ஒரு கேள்வி வந்தது. அவள் வண்டியை இன்னும் முறுக்கினாள்.

பச்சை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முன்னால் ஐம்பது பேருக்குக் குறையாது. பெயர்ப்பலகையில் முட்டை வழிந்துகொண்டிருந்தது. “வெளிய வா!” என்று தொண்டை கிழியக் கத்தியவர், தினமும் முந்திரி வீட்டுக்குப் பால் போடும் பால்கடைக்காரர். கையில் கல். முந்திரி ஹாரனிலிருந்து விரலை எடுக்காமலேயே கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய், வண்டியை ஷட்டரை ஒட்டி நிறுத்திப் படியில் ஏறினாள்.

“அதை எழுதுனது நான்! எல்லாரும் படிச்சீங்களே, கல்நெஞ்சக்காரின்னு, அது என் கை! எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒருத்தரையும் கேக்கல, எழுதிட்டேன். செத்துச்சுன்னு சொன்ன நாய் இதோ இருக்கு!”

தபால்காரர் தந்தியை உயர்த்திக் காட்டினார். அது கூட்டத்தைப் பார்த்து ஒரு தும்மல் போட்டது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

“அப்ப எங்களை முட்டாளாக்கிட்டியா?” என்றார் பால்கடைக்காரர்.

“முதல் முட்டாள் நான்தான் அண்ணே. அந்தக் கல்லு யாருக்காவது வேணும்னா எனக்குத்தான். அவங்களுக்கு இல்ல.”

அவர் தன் கையைப் பார்த்தார். கல்லை எங்கே போடுவதென்று தெரியாமல், கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தந்தி கீழே குதித்து ஓடி ஷட்டரைப் பிறாண்டியது. உள்ளேயிருந்து ஷட்டர் மெல்ல ஏறியது. கண் வீங்கிப்போயிருந்த டாக்டரம்மா அப்படியே தரையில் உட்கார, நாய் அவர் மடியில் ஏறி முகமெல்லாம் நக்கியது. கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். முந்திரியால் தட்ட முடியவில்லை.

“மன்னிச்சிருங்க டாக்டர்.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “என் பொண்ணுகிட்ட கிளாஸ்ல இதைக் காட்டி, உங்கம்மா கொலைகாரியான்னு கேட்டிருக்காங்க. மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. எங்கெங்க போச்சோ, அங்கெல்லாம் போய்ச் சொல்லுங்க.”

முந்திரி போனாள். கடைவீதியில் கடை கடையாக, குடியிருப்புகளில் படி படியாக. டாக்டரம்மா மகளின் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி, பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது, முன்னால் நின்று சொன்னாள். “ஏன் ஆன்ட்டி விசாரிக்காம அனுப்புனீங்க?” என்று ஒரு வாண்டு கேட்டது. “முதல் ஆளா சொல்லணும்னு ஆசை,” என்றாள், மறைக்காமல். சிலர் திட்டினார்கள். சிலர் “அதுக்கு இவ்வளவு அலட்டணுமா?” என்றார்கள். ஒருவர் கதவையே திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தாள். கணவர் கூடவே நடந்தார். ஒரு தடவைகூட “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்று வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே அவர் கேட்ட சட்டையை மறுபேச்சில்லாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மூடிக் கிடந்த கிளினிக் ஐந்தாம் நாள் திறந்தது. வாசலில் பூனைக் கூடைகளும் நாய்களும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்த முந்திரிக்கு, குழந்தை மாதிரி துள்ளத் தோன்றியது. போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனவள் நிறுத்தி, உள்ளே எட்டி, “வரிசையைப் போட்டோ எடுத்துப் போடலாமா டாக்டர்?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். “நாய்ங்களை மட்டும் எடுங்க. போடறதுக்கு முன்னாடி என்ன எழுதறீங்கன்னு எனக்குக் காட்டுங்க.”

முந்திரி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதிக் காட்டினாள். டாக்டரம்மா ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, அடுத்த நாயைக் கூப்பிட்டார்.