அத்தை வாசித்த இங்கிலீஷ் நோட்டு

என் அத்தைக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதற்கு ஒரு வெள்ளைக்காரன் பாட்டுதான் காரணம் என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே நம்பினேன். நான்காம் வகுப்பு படிக்கிற வயதில் ஒன்றை நம்பினால் முழுசாகத்தான் நம்ப முடியும். யாராவது பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே எனக்குத் தூக்கம் போய்விடும்.

எழுபதுகளின் கடைசி. கே.கே. நகரில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகமாக இருந்தன. அத்தை அப்பாவுடைய ஒரே தங்கை; தாத்தா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். நிறம் கொஞ்சம் கம்மி, பேச்சும் கொஞ்சம் கம்மி. ஆனால் பிடில் வாசிப்பாள். பெட்டியைத் திறந்து வில்லுக்குப் பிசின் தேய்க்கிறபோதே அவள் முகம் வேறு முகமாகிவிடும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் எந்த மாப்பிள்ளையும் மறுக்க மாட்டான் என்பது என் கட்சி. சிக்கல் என்னவென்றால், வந்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் வந்தவர்கள் முன்னால் அத்தை நல்ல கீர்த்தனை ஒன்றைத்தான் எடுத்தாள். அவள் பல்லவியைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்து, "இது என்ன கம்பெனி?" என்று கேட்டார். அப்பா கம்பெனியைச் சொன்னார். மாப்பிள்ளை பஜ்ஜியைப் பிட்டு உள்ளே இருப்பது வாழைக்காயா வெங்காயமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்தை பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. உடனே இங்கிலீஷ் நோட்டை எடுத்தாள்.

நோட்டு என்பது ஒரு சின்ன மெட்டு. 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகக் குதித்துக்கொண்டு ஓடும். கேட்டால் கால் தானாக ஆடும். வாசித்து முடித்துப் பெட்டியை மூடிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் வந்த இரண்டு இடங்களுக்கும் அவள் கீர்த்தனைக்கே போகவில்லை, நேராக நோட்டுதான். மூன்று இடமும் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நிறம் என்றார்கள், நட்சத்திரம் என்றார்கள். தங்கையின் நிறத்தையும் நட்சத்திரத்தையும் அப்பாவால் மாற்ற முடியாது, பாட்டை மாற்றலாம். அதனால் குற்றம் பாட்டின் தலையில் விழுந்தது.

இதற்குள் இன்னொரு பயமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தூரத்துச் சொந்தத்தில் ஓர் உரக்கடைக்காரர் இருந்தார். மனைவி இறந்துபோய், வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு, அத்தையை இரண்டாந்தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் என் கன்னத்தைக் கிள்ளுவார். கை உரம் நாறும். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. "இதுவும் தட்டுச்சுன்னா அவருக்கே பேசி முடிச்சுருவேன். நான் வேற என்னத்தச் செய்ய?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்வது அப்பாவின் ஆபீஸ் பழக்கம். அந்த நோட்டு எங்கிருந்து வந்தது, அதற்கு ஏதும் தோஷம் உண்டா என்று கேட்க, செல்லூரில் ஒரு நாயனக்காரர் வீட்டுக்குச் சைக்கிளில் போனார். என்னையும் முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் தறிகள் ஓடும் சந்து அது. நாயனக்காரர் சத்தம் போட்டுத்தான் பேசினார்.

"அது துரைமார் பட்டாளத்துல வாசிச்சது சார். ஒருத்தன் பிடில் வாசிப்பானாம். இன்னொருத்தன் அக்குள்ல ஒரு பையை இடுக்கிக்கிட்டுக் குழல் ஊதுவானாம். சிப்பாயெல்லாம் குதிச்சுக் குதிச்சு ஆடுவானுகளாம். நம்மாளு பிடில்காரரு யாரோ அதைக் காதுல வாங்கியாந்து வாசிச்சுப் பாத்திருக்காரு. நல்லாருக்கவும் யாரோ சாமி பேரைப் போட்டுப் பாட்டாக் கட்டிட்டாங்க. பிடில்லருந்து எங்க நாயனத்துக்கும் வந்துருச்சு. இதெல்லாம் எங்க பாட்டனார் சொல்லக் கேள்வி."

"நீங்களும் வாசிப்பீங்களா?"

"வாசிக்காமயா? கடைசியில வாசிப்போம். சாமி ஊரைச் சுத்தி வாசலுக்குத் திரும்புறப்ப இதைத்தான் ஊதுவோம். சாமியத் தூக்கிட்டு வர்ற ஆளுக தோள் வலியை மறந்து ஆட்டம் போட்டுக்கிட்டு வருவாக. கச்சேரின்னாலும் மங்களத்துக்கு முன்ன ஒரு நோட்டு. நோட்டு கேட்டுச்சுன்னா சனம் செருப்பைத் தேட ஆரம்பிச்சிரும் சார்."

அவர் இத்தனையும் சொன்னார். அப்பா அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இது வெள்ளைக்காரன் குதியாட்டம் போட்ட பாட்டு!" நானும் அதையேதான் பிடித்துக்கொண்டேன். குதியாட்டப் பாட்டை வாசிக்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? வீடு வரும்வரை அப்பா பெடலைக் கோபமாக மிதித்தார்.

"இங்க பாரு தாயி, இந்தத் தடவை முருகன் மேல ஒரு பாட்டு வாசி. அந்தக் குதிக்கிறது வேணாம்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை, "சரிண்ணே" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தை சுலபமாகச் சரி சொன்ன எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

வரன் வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா அடுப்படியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டே மாவைக் கரைத்தாள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இருந்தார். கூடவே அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். மாப்பிள்ளை ஃபேனை அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அத்தை வந்து உட்கார்ந்து சுருதி சேர்த்தாள். நல்ல சுருதி. முருகன் பாட்டுக்காகத்தான் வில்லைத் தூக்கினாள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அந்த நேரம் பார்த்து அக்காக்காரி அப்பா பக்கம் சாய்ந்து, "எம்புட்டு நேரம் வாசிப்பாக? எங்களுக்கு இருட்டுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றாள்.

தூக்கிய வில் நின்றது. அத்தை யாரையும் பார்க்கவில்லை. 'வேண்டாம் அத்தை, வேண்டாம் அத்தை' என்று நான் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோட்டு கிளம்பிவிட்டது.

அப்படி ஒரு வேகத்தில் அவள் அதை வாசித்து நான் கேட்டதில்லை. அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. எனக்கு அந்த உரக்கடைக்காரரே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளை மட்டும் குனிந்த தலையோடு, முழங்காலில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அத்தை முடித்து வில்லை இறக்கினாள். மாப்பிள்ளை எழுந்தார்.

"கெளம்புவோம்க்கா" என்றார்.

"காப்பி வருது தம்பி, பஜ்ஜி எண்ணெயில கெடக்கு" என்று அப்பா பதறிக்கொண்டு எழுந்தார்.

"இருக்கட்டும்ணே. இன்னொரு நாளைக்குச் சாப்பிட்டுக்கிறலாம்." அத்தை இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவ்வளவுதான். அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவர் பின்னால் போனார்கள்.

இதுவரை வந்தவர்களாவது காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த்தான் வேண்டாம் என்றார்கள். இந்த மனிதர் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்து போய்விட்டார். அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நாளைக்கு உரக்கடைக்காரர் வெற்றிலைத் தட்டோடு வந்துவிடுவார். அத்தை போய்விடுவாள். எனக்கு வந்த கோபத்தில் நான் தெருவில் இறங்கி ஓடினேன்.

முனையில் அவர்களைப் பிடித்துவிட்டேன். அக்கா முன்னால் ஏதோ முனகிக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளை பின்னால் வந்தார். அவர் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, "எங்கத்தையை ஏன் பிடிக்கலே?" என்று கேட்டேன். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அவர் குந்தி உட்கார்ந்தார். "யாரு பாப்பா பிடிக்கலேன்னா? உங்கத்தைதான் எங்களைப் போகச் சொல்லிட்டாங்க."

"அவங்க ஒண்ணுமே சொல்லலே."

"நோட்டு வாசிச்சாங்கள்ல? எங்கூர்த் திருவிழாவுல மேளக்காரவுகளுக்குப் பின்னாடியே அலைஞ்சவன் நான். நோட்டு வாசிச்சா எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தம். அதுக்குமேல உக்காந்து பஜ்ஜி தின்னா மரியாதையா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டாந்தடவை அதே அடி வர்றப்ப இழுத்த எடத்துல தள்ளி, தள்ளுன எடத்துல இழுத்து, வில்லைத் திருப்பிப் போட்டாங்க பாரு, அது பிரமாதம். அதை மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிரு, என்ன?" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அக்கா கூப்பிடக் கூப்பிட, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

தப்பைச் செய்துவிட்டுப் பழியையும் அத்தை மேல் போட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவரைக் காட்டிக்கொடுக்கிற வேகத்தில் அத்தையிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அத்தை பிடிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தமாம் என்று நான் சொன்னபோது கை நின்றது. வில்லைத் திருப்பிப் போட்டதைச் சொன்னபோது தலையைத் தூக்கினாள்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பிடிலை அவள் ஒருநாளும் பெட்டியில் அல்லாமல் வேறு எங்கும் வைத்ததில்லை. அன்றைக்கு வெறுந்தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எந்தப் பக்கம் போனாக?"

நான் கையைக் காட்டினேன். "எங்க தாயி போற?" என்று அப்பா கத்தினார். "இருங்கண்ணே, இந்தா வாரேன்" என்று சொல்லும்போதே அத்தை வாசலைத் தாண்டியிருந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்குப் பரம சந்தோஷம். பஜ்ஜி தின்னாமல் போய் நம் வீட்டை அவமானப்படுத்தின அந்த ஆளை அத்தை நடுரோட்டில் வைத்துத் திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அவ்வளவாகப் பேச வராதே, பக்கத்தில் நின்று ஒன்றிரண்டு வார்த்தை எடுத்துக் கொடுப்போம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.