உள்ளங்காலில் ஒரு கருப்பு

ஐப்பசி பிறந்த முதல் வியாழன். கோவையில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் மாடி அறை. இருவர் எதிரெதிரே அமர்ந்து பார்க்கக்கூடிய மைக்ரோஸ்கோப்பின் ஒரு பக்கம் என் நண்பரின் மகள். தோல் திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர். மறுபக்கம் நான். நடுவே கண்ணாடித் தகட்டில், என் மனைவியின் உள்ளங்காலில் படர்ந்திருந்த கருப்புத் திட்டிலிருந்து வெட்டி எடுத்த தோல். புற்று என்றால், எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்துப் பாதமே போகலாம் என்று தோல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

"மேல்தோல் வெந்து கெடக்குதுங்க மாமா. கருப்பு அப்பியிருக்குது. அத்தை ஏதாச்சும் வெச்சாங்களா?"

"ஒன்றும் வைக்கவில்லை" என்றேன். தோல் மருத்துவரிடமும் அவள் அப்படித்தான் சாதித்திருந்தாள்.

நண்பரின் மகள் என் மனைவியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்க அத்தை, கால் ஆணின்னு நெனச்சுச் சேங்கொட்டை சுட்டு வெச்சீங்களா?"

சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடும் கொட்டை அது. அதன் எண்ணெய் பட்ட இடம் வெந்து கருக்கும். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"வெச்சுப்போட்டேன் கண்ணு. மாமாகிட்டச் சொல்லிப்போடாத. மனுசன் புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து பாடம் எடுப்பாரு."

"பக்கத்துலதான் கேட்டுட்டிருக்காருங்க."

"அய்யோ சாமி!" போன் துண்டிக்கப்பட்டது.

நான் சிரித்துவிட்டேன். "அப்போது கருப்பெல்லாம் கொட்டையால்தானே?"

அவர் சிரிக்கவில்லை. திருகைத் திருப்பினார். "மேல இருக்கறது கொட்டைங்க. கீழ பாருங்க. நெறம் தர்ற செல்லுக அடிவரிசையில எடம் விட்டு, ஒண்ணொண்ணா ஒக்காந்திருக்கோணும். இங்க நெருக்கியடிச்சு நிக்குதுக. இதா, ரண்டு மூணு மேல ஏறுதுக."

பார்த்தேன். "வெந்த புண்ணால் இப்படி ஆகாதா?"

"சில சமயம் குழப்புமுங்க. அதனாலதான் இன்னும் ரிப்போர்ட் எழுதல."

அந்தச் செல்களுக்கு மட்டும் நிறமேற்றும் தனிச் சாயம் போட வேண்டும், வெட்டி எடுத்த தோலையே இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வீட்டில் அவள், "கொட்டைதானுங்களே?" என்று வெள்ளியும் கேட்டாள், சனியும் கேட்டாள். ஞாயிறன்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை தகட்டில் சாயம் ஏறிய செல்கள் பழுப்புப் புள்ளிகளாய் அடிவரிசை நெடுக நின்றன. சில உச்சிவரை ஏறியிருந்தன. மருத்துவர் ஒவ்வொரு சீவலையும் ஓரம் முதல் ஓரம் வரை நகர்த்தினார். நான் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன்.

"புத்துத்தானுங்க மாமா." கடைசித் தகட்டை எடுத்து வைத்தபின் மீண்டும் பேசினார். "ஆனா மேல்தோலத் தாண்டி ஒண்ணுகூட எறங்கல. அந்த எடத்தச் சுத்தி இன்னும் கொஞ்சம் வெட்டி எடுக்கோணும். பாதத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

மாடிப்படியில் நின்று மனைவியை அழைத்தேன். கொட்டை மட்டும் இல்லை, புற்றுதான், ஆரம்ப நிலை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"கால் இருக்குமுங்களா?"

"இருக்கும்."



"வெட்டறது என்னிக்குன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

மறுபடி மாடி ஏறினேன்.