வாய் வைக்காத கிச்சாப்

முதியோர் இல்லங்களுக்கு ஆறுதல் நாயைக் கூட்டிப் போகிறவனுக்குத் தனிப் பெயர் கிடையாது. எங்கே போனாலும் நான் 'கிச்சாப் அப்பா'தான். கிச்சாப் என்கிற சோயா சாஸ் போலக் கறுப்பாக இருந்ததால் என் மனைவி நாய்க்கு வைத்த பெயர் அது. அவள் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர். சம்பளமில்லாத இந்த வேலையில் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, கார் சீட்டில் முடி பொறுக்குவது என் பங்கு. பாராட்டு அதன் பங்கு. நாய் வைத்திருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

கட்டிலுக்குக் கீழே

மலாக்கா பக்கம், செங் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம். புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிப் பாலெடுத்த முனியாண்டி ஐயா அங்கே வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கோப்பியைத் தவிர எதையும் தொடாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிடாதவரிடம் நாயை விடக்கூடாது என்பது எங்கள் விதி. நான் நின்றுவிட்டேன்; கிச்சாப் நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்து படுத்துக்கொண்டது. அவர் திரும்பாமலே சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க தம்பி. என் நாயைத் தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். இனி எனக்கெதுக்கு நாய் லா?"

ஒரு தும்மல்

இரண்டு நாள் கழித்துப் போனபோது கிச்சாப் நேராக அவரிடமே போனது. தலையணைக்கடியிலிருந்து திருநீறு எடுத்து, "பைரவா" என்று அதன் நெற்றியில் பட்டையாகப் பூசினார். அது அவர் முகத்திலேயே தும்மியது. மனிதர் சிரித்தேவிட்டார். எனக்கு ஒரே பெருமை. தாதி விமலா மிஸ்ஸி, நிறைந்தபடியே இருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினார்: "சிரிப்பு வயித்துக்குள்ள போகுமா அங்கிள்? நாளைக்கும் சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்குல டியூப் போட்டுருவாங்க."

முதல் கரண்டி

மறுநாள் எங்கள் முறை இல்லை, இருந்தும் போனோம். ஐயா ஒரு கரண்டி கஞ்சியை எடுத்துக் கிச்சாப்பிடம் நீட்டினார். நான் சொல்லாமல் யார் கொடுத்தாலும் வாய் வைக்கக்கூடாது என்று அதைப் பழக்கியிருக்கிறேன். கரண்டியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, அசையவில்லை. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மிஸ்ஸி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க நாயும் இப்படித்தான். பால் வெட்டு முடிஞ்சு வந்து நான் பசியாறாம அது சோத்தைத் தொடாது," என்ற ஐயா, கரண்டியைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். அது அசையவில்லை. அதையும் அவரே சாப்பிட்டார். இன்னொன்று, இன்னொன்று. கிண்ணத்தில் ஒரு வாய் மிஞ்சியபோது என்னை அதட்டினார்: "இப்பவாவது சாப்பிடச் சொல்லு தம்பி! எவ்வளவு நேரமாப் பட்டினி கிடக்குது பாரு!"

கிச்சாப் வீட்டிலேயே வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. இந்தத் தொண்டில் மனிதனுக்கு உள்ள வேலையே வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருப்பதுதான்.