கரண்ட் போகாத ஊரில் ஒரு கெர்னல்

கெர்னல் எழும்போதே ஏன் நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு; இதே பிழைப்பில் இருப்பவர்கள் இந்த வரியிலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் முதலில் எழ வேண்டியது கெர்னல். அது பாதியில் நின்றால் ஸ்கிரீனே உயிர் பெற்றிருக்காது. என்ன நோவு என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

சும்மா பார்க்கும் உத்தியோகம்

ஊரெல்லாம் பவர் கட்டில் வெந்துகொண்டிருந்த 2012 வாக்கில், நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு கான்ட்ராக்டில் இந்த வேலை செய்தேன். மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா, என் பின்னால் நின்று கறுப்பு ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. "ஏட்டி, ஒண்ணுமே வராத டிவியப் பாத்துட்டு இருக்கதுக்கா ஒனக்கு வேல குடுத்திருக்காவ?"

விளக்கு எரியுமா

ஸ்கிரீன் பேசாவிட்டால் கருவியின் சர்க்யூட் போர்டில் உள்ள குட்டி விளக்குதான் கதி. கெர்னலுக்குள் ஒவ்வொரு கட்டத்திலும் 'விளக்கை ஏற்று' என்று ஒரு வரி போட வேண்டும். எரிந்தால் அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் காலை முழுக்க எந்தக் கட்டத்திலும் எரியவில்லை. கடைசியில் பார்த்தால் நான் மாற்றி மாற்றி எழுதியதெல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கிறது, போர்டில் ஓடுவது போன வாரத்துக் கெர்னல். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். சென்னைக் கம்பெனியில் என்னோடு இதே வேலை பார்த்த ரகு போனில் ஆறுதல் சொன்னான்: "விடு, நீ எழுதினது எதுலயும் தப்பு இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சு. எதையும்தான் ஓட்டலியே."

முட்டை ஆறிப்போகுது

நாங்கள் செய்தது முட்டை பொரிக்கும் அடைப்பெட்டிக்கு உள்ளே சூட்டைப் பார்த்து பல்பை ஏற்றி அணைக்கும் கருவி. முதலில் வாங்கியவர் குள்ளஞ்சாவடியில் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கும் செல்வி அக்கா. ஒரு நாள் போன் செய்தார். கரண்ட் போய் வந்தால் கருவி எழவே மாட்டேன் என்கிறதாம், உள்ளே முந்நூறு முட்டை, பொரிய நாலே நாள். நான் வீட்டிலிருந்த இன்னொரு கருவியை ஐம்பது தடவை ரீபூட் செய்து பார்த்தேன். கிண்ணென்று எழுந்தது. "நீங்க சுவிட்சை ஒழுங்கா போடலைக்கா" என்று சொல்லவும் துணிந்தேன். மறுமுனையில் குரல் உயரவே இல்லை. "நானே பல்பப் போட்டுப் போட்டு அணைச்சிகினு கெடக்கறேன். வந்து பாருங்க மேடம்."

கரண்ட் வந்தது

போனேன். கோழிக் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்ததும் கரண்ட் போனது. செல்வி அக்கா பெட்டிமேல் சாக்கைப் போர்த்தினார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது, கருவி வரவில்லை. எனக்குக் காது வரை சுட்டது. வாழ்நாளில் நான் அதன் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்ததே இல்லை. ரீபூட் மட்டும்தான், அதில் கரண்ட் நிற்பதே இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் கரண்ட் போகும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. அக்கா பல்ப் சுவிட்சில் கை வைத்தபடியே கேட்டார்: "ஊருக்கே கரண்ட் அனுப்பற எடத்துல இருந்துகினு, அது போனா என்னாகும்னு யோசிக்கலியா?"

வேண்டுதல்

அவர் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்க, நான் ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி விளக்கு வரியை நகர்த்தினேன். மத்தியானம் மாட்டியது. சூட்டை அளக்கும் சிப்பை எழுப்பாமலே கெர்னல் அதனிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ரீபூட் செய்தால் சிப் ஏற்கனவே விழித்திருக்கும், அதனால் எனக்குத் தெரியவில்லை. சிப்பை எழுப்பும் ஒரே ஒரு வரியை மேலே ஏற்றினேன். பத்து தடவை பிடுங்கினேன், பத்து தடவையும் எழுந்தது. ஆனாலும் நிஜ பவர் கட்டில் பார்க்காமல் கிளம்ப மனம் வரவில்லை. அன்றைக்கென்று கரண்ட் போகவே இல்லை. அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். "கரண்ட் போவணும்னு வேண்டிகினு ஒக்காந்த மொத ஆளு நீங்கதாங்க."

போன்

சாயங்காலம் போனது, வந்தது, கருவியும் எழுந்தது. நான் கோழிகளுக்கு நடுவில் ஒரு குதி குதித்தேன், வெட்கமில்லை. நாலாம் நாள் போன் வந்தது. ஒரே கீச்சு கீச்சு, அக்கா பேசுவதே கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வந்து கத்தினார்: "ஒங்க பொட்டி வாயத் தொறக்கலன்னு அழுதேன். இதுங்க வாய மூட மாட்டேங்குதுங்க மேடம்."

நெய்வேலியில் இன்றைக்குத் தன் வீட்டுக்குத் தானே பவர் கட் செய்துகொண்டு வேலை பார்க்கும் ஒரே பிரகஸ்பதி அநேகமாக நான்தான்.