விக்டோரியா மோதிரத்துக்கு ஒரு வெள்ளோட்டம்

கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து இறங்கும் சந்தில், ஸ்வெட்டர் கடைக்கும் சாக்லேட் கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல இருக்கிறது தமிழ்மதியின் கடை. பங்களாவைக் காலி செய்து போகிறவர்கள் விட்டுச்செல்லும் சாமான்களை வாங்கி விற்கிறாள். பீங்கான் தட்டு, பித்தளைக் கைப்பிடி, ஓடாத கடிகாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைகள். தேன்நிலவுக்கு வரும் பெண்கள் நேராக அங்கேதான் போய் நிற்பார்கள்.

“அக்கா, விக்டோரியன் செட் இருக்கா?”

“இருக்கு. ஆனா இது போன மாசம் செஞ்சது. கறுப்புப் பூச்சு குடுத்துப் பழசாக்கியிருக்காங்க. கல்லும் வைரம் கெடையாது. போட்டோவுக்கு நல்லாருக்கும், எடுத்துக்கங்க.”

இப்படிப் பேசி வியாபாரம் செய்தால் கடை என்னத்துக்கு ஆகும் என்று எனக்குப் பயம். அவளும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள அத்தனை பேருக்காகவும் பயப்படுவது என் வழக்கம். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கடை திறக்கிறாள், பொய் சொல்லாமல் விற்கிறாள், கடை நன்றாகத்தான் ஓடுகிறது.

உண்மையான பழசு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், தன் கையையே நீட்டிக் காட்டுவாள். விரலில் ஒரு பூ மோதிரம். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்தது. நடுவில் ஒரு வைரம், சுற்றிலும் சின்ன வைரங்கள். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. கையால் பட்டை தீட்டியவை. மேலே வெள்ளி, கீழே தங்கம். பின்பக்கம் முழுக்க மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் மெல்லிய வெள்ளித்தாள் வைத்து, உள்ளே போகிற வெளிச்சம் திரும்பி வரும்படி செய்திருக்கிறார்கள்.

“இதை வெட்டுன ஆளு கரண்டையே பாத்ததில்ல. மெழுகுவத்திதான் அவனுக்குக் கணக்கு” என்பாள். “இப்ப வர்ற வைரம் டியூப்லைட்டுல பளீர் பளீர்னு கத்தும். இது கத்தாது. மெதுவா ஒரு தடவ கண்ணைத் தெறக்கும், மூடும்.”

உடனே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டுவாள். வாயடித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிப்போகும்.

லேக் ரோட்டுப் பங்களா ஒன்று காலியானபோது அங்கிருந்த அம்மாளிடம் வாங்கிய மோதிரம் அது. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த தன் சங்கிலியைக் கொடுத்து வாங்கினாள். பூண்டு விவசாயியான அவள் அப்பா நல்லசாமி ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பிறகு பேசியது அதைவிட மோசம். “நல்ல தங்கத்தைக் குடுத்துப்புட்டு எவளோ போட்டுத் தேஞ்சதை வாங்கியாந்திருக்கா. பூண்டு விக்கிறவன் மக வெங்காயத்தை வாங்குன கதை.”

சங்கிலி போனதும் கல்யாணப் பேச்சும் ஓய்ந்துபோயிற்று. அந்த இடைவெளியில்தான் ஜெயமுருகன் வந்து சேர்ந்தான். பழனி அடிவாரத்தில் அவனுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மலைப்பாதையில் இருக்கும் வடகவுஞ்சிக்கு மலைவாழைப்பழம் வாங்க வருகிறவன், ஒரு மழைநாளில் அப்படியே மேலே வந்து அவள் கடையில் ஒதுங்கினான். அடுத்த தடவை மழையே இல்லாமல் ஒதுங்கினான். பிறகு பழம் வாங்காமலே வர ஆரம்பித்தான்.

பெண் பார்க்க அவனையும் கூட்டிக்கொண்டு அவன் அம்மா சிவபாக்கியம் வந்தார். வீட்டில் பெண்ணைப் பார்த்தார், பிடித்துவிட்டது. கடையையும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததில் மோதிரம் கண்ணில் பட்டது.

“இது ஆரு போட்டது தாயி?”

“விக்டோரியா காலத்து மோதிரம் அத்தை.”

“எந்த விக்டோரியா? மூஞ்சிக்கல்லுப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்துச்சே, அந்தப் பிள்ளையா?”

“இல்லத்தை, ராணி. செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“அடியாத்தீ! செத்தவ மோதிரத்தையா மாட்டிக்கிட்டுத் திரியுற?”

ஜெயமுருகன் குறுக்கே புகுந்தான். “அம்மா, ராணி போட்டதில்ல. ராணி இருந்தப்போ செஞ்சது.”

“நீ செத்த நேரம் சும்மா இருலே. வைரம்னா என்ன, கத்திரிக்காயா? ஒருத்தருக்கு ஒத்துக்கிடும், ஒருத்தரைத் தெருவுல நிறுத்திரும். இந்த மோதிரம் எங்க வீட்டுக்குள்ள வரணும்னா, மொதல்ல நாலு நாள் எங்க வீட்டுல இருந்து பாக்கட்டும். நல்லது நடந்தாச் சரி. ஏதாச்சும் கோளாறு வந்துச்சு, கழட்டி எறிஞ்சுட்டுத்தான் தாலி கட்டிக்கிடணும்.”

வைரம் வாங்குகிறவர்கள் முதலில் வீட்டில் வைத்துப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். அதில் தமிழ்மதிக்கு வருத்தமில்லை. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தபோது அவள் வருத்தம் வேறாக இருந்தது.

“மோதிரத்துக்காகச் சொல்லல. நானாப் பாத்து, நானா ஆசப்பட்டு வாங்குனது இது ஒண்ணுதான். இன்னிக்கு இதைக் கழட்டச் சொன்னா, நாளைக்குக் கடைய மூடச் சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம் என்னத்தைக் கழட்டச் சொல்லுவாங்களோ.”

“கொடுக்காதே” என்றேன்.

“குடுத்துட்டேன்” என்றாள். “தண்ணி மட்டும் படக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன். அந்த வீட்டைப் பத்தி மோதிரம் சொல்லட்டும்.”

மோதிரம் பழனிக்கு இறங்கியது. சாமி அறையில் குங்குமச் சிமிழுக்குள் வைத்து, அதை யாரும் தொடக்கூடாது என்று சிவபாக்கியம் வீடு முழுக்க உத்தரவு போட்டார். ஜெயமுருகன் போனில் நிலவரம் சொன்னான். முதலில் எல்லாம் நல்ல சகுனம். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சித்தப்பா தானாக வந்து சாப்பிட்டுப் போனார். அடுத்து மிக்ஸி புகைந்தது. “அது போன வருசமே பொகைஞ்சது மதி, கணக்குல சேக்காதே” என்றான். பிறகு பேருந்து பேருந்தாகப் பக்தர்கள் வந்து கடையில் டப்பா மிச்சமில்லாமல் விற்றது. ஜெயித்தாயிற்று என்று இரண்டு பேரும் நினைத்திருந்தபோது, அவனிடமிருந்து இன்னொரு போன் வந்தது.

“மதி, கல்லு கறுத்துருச்சு.”

மறுநாள் அம்மாவும் மகனும் மலையேறி வந்தார்கள். கடையில் நல்லசாமியும் வந்து உட்கார்ந்திருந்தார். சிவபாக்கியம் யார் முகத்தையும் பார்க்காமல் சிமிழை மேஜைமேல் வைத்தார்.

“ஒத்துக்கிடலை தாயி. நீயே பாரு.”

தமிழ்மதி திறந்தாள். நடுக்கல் மழைத்தண்ணீர் தேங்கிய குழியைப் போல மங்கிக் கிடந்தது. சுற்றி இருந்தவற்றில் பாதி தேநீர் நிறம். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். குனிந்ததும் மூக்கில் ஏதோ ஏறியது. இன்னொரு தடவை மோந்தாள்.

ஏலக்காய். நெய். மலைவாழைப்பழம்.

நிமிர்ந்து பார்த்தாள். சிவபாக்கியம் சுவரில் தொங்கிய ஓடாத கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, இவரைக் கூட்டிக்கிட்டுப் போயி டீ வாங்கியாங்க.”

“இங்கனயே பிளாஸ்க்குல டீ கெடக்கே?” என்றார் நல்லசாமி.

“அது ஆறிப்போச்சு. போங்க.”

ஆண்கள் வெளியேறினார்கள். தமிழ்மதி மெதுவாகக் கேட்டாள். “போட்டுப் பாத்தீகளா அத்தை?”

சிவபாக்கியம் வாசல்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு எல்லாம் மொத்தமாகக் கொட்டியது. “கரண்டு போச்சு தாயி. வெளக்கேத்த சாமி ரூமுக்குப் போனேன். சிமிழைத் தெறந்து சும்மா ஒரு பார்வதான் பாத்தேன். என்னையப் பாத்து அது கண்ணடிக்குது! எங்க மாமியா போட்ட எட்டுக்கல்லுத் தோடு என்கிட்ட இருக்கு, ஒரு நாளு அப்படி என்னையப் பாத்ததில்ல. ஒரு நிமிசம் போட்டுக் கழட்டிருவோம்னு மாட்டுனேன். வெரல்லருந்து வரவே மாட்டேங்குது. வெள்ளனே எந்திரிச்சு இழுக்கேன், வரல. அன்னிக்குன்னு பாத்துப் பழம் பிசையுற ஆளு சோலிக்கு வரல. கடையில கூட்டம் நிக்குது. முந்தானையால கைய மூடிக்கிட்டே எம்புட்டு நேரம் நிக்க? அண்டாவுக்குள்ள கையை விட்டுட்டேன்.”

“மோதிரத்தோடயா?”

“வேற எதோட? அந்த நெய்யிலதான் வழுக்கிட்டு வந்துச்சு. பிசுபிசுன்னு இருக்கேன்னு, நகை கழுவுற பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப் போட்டேன்.”

“எம்புட்டு நேரம்?”

“மறந்துட்டேன் தாயி.”

தமிழ்மதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. வைரத்துக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் இருந்த வெள்ளித்தாள்தான் செத்துப்போயிற்று என்று எடுத்துச் சொன்னாள்.

“இதை என் மகன்கிட்டச் சொல்லிறாத” என்றார் சிவபாக்கியம். “தொடாதே தொடாதேன்னு அவனை வெரட்டுனவளே நானு.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா தாலி கட்டும்போது இது என் கையில இருக்கும். கல்யாணம் முடிஞ்சாலும் இந்தக் கடை இருக்கும். இது ரெண்டுக்கும் சரின்னாத்தான் மத்ததைப் பேசணும் அத்தை.”

“கறுத்த மோதிரத்தையா போடுவ?”

“கறுத்ததைத்தான்.”

ஆண்கள் டீயோடு உள்ளே வந்தார்கள். என்ன முடிவு என்று கேட்கக்கூட ஜெயமுருகனுக்குத் தைரியமில்லை. டம்ளரைக் கையில் வாங்கிய சிவபாக்கியம் அதைக் குடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏலே முருகா, மோதிரத்து மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தேன் ஆசப்பட்டு மாட்டிக்கிட்டுப் பழத்தைப் பிசைஞ்சுபுட்டேன். நம்ம வீட்டுப் பஞ்சாமிர்தத்தைத் தின்னுட்டு ஒரு பேச்சுப் பேசாமக் கெடந்துச்சுல்ல, அதுக்கு நம்ம வீடு ஒத்துக்கிருச்சு. வெரசா நாள் பாருங்க. சிரிக்காதலே!”

அவன் எங்கே கேட்டான்? கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மோதிரத்தை உற்றுப் பார்த்தார். “வெள்ளைக்காரன் கல்லை நல்லா அடைச்சுத்தான் வச்சிருக்கான்” என்றார்.

கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன். பழனி மண்டபத்தில் தாலி ஏறும்போது அந்த மங்கிய பூ அவள் விரலில் இருந்தது. என்ன கல், ஏன் இந்த நிறம் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் சிவபாக்கியமே ஆளுக்கொரு மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு மதுரையில் நகை ஆசாரிகள் மோதிரத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். புதுத்தாள் வைக்கலாம் என்றார்கள். தமிழ்மதி வேண்டாம் என்று சொல்லி, கல்லைத் துடைத்துப் பின்பக்கத்தைத் திறந்தபடியே விடச் சொன்னாள். போன மாதம் கடையில் அவளைப் பார்த்தபோது மெழுகுவத்தி ஏற்றிக் காட்டினாள். பழைய மினுக்கம் பாதிகூட இல்லை. ஆசையாக வைத்திருந்தது இப்படிப் போயிற்றே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“பாவம் பாக்காதே” என்றாள். “நல்லா உத்துப் பாரு. முன்னாடி வெறும் தாளுதான் தெரிஞ்சுச்சு. இப்ப கல்லு வழியா என் தோலு தெரியுது.”