சமையல்காரன் என்று சொல்லியிருக்கலாம்

அண்ணன் விடுமுறையில் வந்தால் அவர் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஒரு பவுடர் டப்பா. முகத்துக்கு அல்ல, காலுக்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளில் எல்லாம் பவுடர் தூவுவார். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். "என்னடா பாக்குற? நடக்கிற சிப்பாய்க்குக் காலுதான் துவக்கு, தோளுல தொங்குற துப்பாக்கி இல்ல" என்பார்.

அவர் என் பெரியப்பாவின் மகன். பெரியப்பா, தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துச் சிங்களப் பெண்ணைக் கட்டியவர். அண்ணன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்படியே இராணுவத்தில் சேர்ந்தார். பெரிய பதவி ஒன்றும் இல்லை, சாதாரணச் சிப்பாய். வட்டகொடை ஸ்டேஷனில் சாதாரணச் சட்டையில்தான் இறங்குவார். ஆனாலும் அவருக்கு முன்பே செய்தி லயத்துக்கு வந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சண்டை என்றால் படத்தில் பார்த்ததுதான். வடக்கே சண்டையில் என்ன செய்வீர்கள் என்று கேட்க ஆசை, வாய் வராது. அவராகச் சொன்னவை வேறு மாதிரி இருந்தன. குழி வெட்டுவது, குழியில் தண்ணீர் ஏறினால் இறைப்பது, காவல் நிற்பது, மறுபடி நடப்பது. குளிரில் பிறந்த தனக்கு அந்த வெயில்தான் முதல் எதிரி என்பார். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் நம் தேயிலையே வெட்கப்படும் என்பார். சுட்டதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் வராது.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. பெற்றோர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் என் அம்மா ஒரு பெண் பார்த்தார். அண்ணனுக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. புதுச் சட்டை தைத்துக்கொண்டார். சிக்கல் ஒன்றுதான். பெண்ணுடைய அப்பாவின் அக்கா, பழைய கலவரத்தில் லயம் எரிந்தபோது வடக்கே வன்னிக்குப் போய்க் குடியேறியவர். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை.

"ஆமியில சமையக்காரனா இருந்தேன்னு சொல்லிரு ராசா" என்று அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நான் வச்சா சோறு குழைஞ்சிருமே சித்தி."

"அவங்க என்ன ஆக்கச் சொல்லிப் பாக்கவா போறாங்க? பேசாம வாடா."

பெண் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பா நேராகவே கேட்டார். "தம்பி, ஆமியில என்ன வேல பாத்தீங்க?"

அம்மா முந்திக்கொண்டார். "சமையலுங்க. துவக்கத் தொட்டதே இல்ல."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லீங்க. சித்தி பயத்துல சொல்றாங்க. நான் சுட்டிருக்கேன். யாரு மேல பட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. எங்களை எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் அக்கா இருந்த ஊரின் பெயரைச் சொன்னார்.

"அந்தப் பக்கம் போனீங்களா?"

"நடந்து போயிருக்கேன்."

"மண்ணு எப்பிடி? தண்ணி இருக்கா? நான் ஒரு தடவகூடப் போனதில்ல தம்பி. அக்கா வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு."

அண்ணன் மெதுவாகச் சொன்னார். செம்மண். ஒரு குளம். கூரை போன வீடுகள். ஒரு வீட்டுக் கொடியில் எடுக்காமல் கிடந்த துணிகள். இத்தனை வருஷம் நான் கேட்கத் தயங்கியதை எல்லாம் பெண்ணின் அப்பா ஒரே இருப்பில் கேட்டார். எங்கள் தேத்தண்ணி ஆறிப்போனது.

வாசல் வரை வந்து அண்ணனின் கையைப் பிடித்தார். "பொண்ணு தர மனசு வரல தம்பி. குத்தமா எடுத்துக்காதீங்க. ஆனா நீங்க அப்பப்ப வந்துட்டுப் போங்க."

அண்ணன் போய்வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நுவரெலியாவில் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அண்ணன் இன்னும் தனியாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனாகியிருக்கலாம் என்று அம்மா இன்றும் திட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை பெண்ணின் அப்பாவும் அண்ணனும் பஸ் ஏறி வன்னிக்குப் போய், ஊர் ஊராக விசாரித்துவிட்டு வருகிறார்கள்.

இந்த வருஷம் நானும் போனேன். பெண்ணின் அப்பாவுக்கு வயதாகி நடை தளர்ந்துவிட்டது. அண்ணன்தான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "மருமகனுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார் பெரியவர். "எங்க அக்காவத் தேடுறவரு."