காற்றுக்குக் கட்டிய செங்கல்

ஆடி மாதக் காற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் வரட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்றாலும் அதில் பொய் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கண்டிச் சந்தையில் மூட்டை சுமந்து, அந்தக் காசில் வத்தேகமவில் சீமெந்தும் ஆணியும் தகரமும் விற்கும் கடை போட்டு, கடைக்கு மேலே மாடியும் கட்டியவன். எவன் காலிலும் விழுந்ததில்லை. மூட்டை சுமந்தவனுக்குப் பாரம் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பது தோளிலேயே தெரிந்துவிடும். காற்றும் ஒரு பாரம்தான். மேலிருந்து அழுத்தாமல் பக்கத்திலிருந்து தள்ளுகிற பாரம்.

எங்கள் வீடு வத்தேகமவுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில். ஊருக்கு இறங்கும் வழியில் மலையை வெட்டிப் பாதை போட்ட இடம் ஒன்று உண்டு. காத்து வாசல் என்போம். ஆனி பிறந்தால் அங்கே ஆரம்பிக்கும், ஆவணி வரைக்கும் ஓயாது. சவுக்கு மரங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கும். வாலிபப் பிள்ளைகள் அங்கே பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போகிறார்கள். கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை நெரித்துப் பிடித்து, காற்று வரும் பக்கம் உடம்பைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். எதிரே லொறி வந்தால் அது காற்றை மறைக்கும், தாண்டியதும் மறைத்ததை எல்லாம் சேர்த்து முகத்தில் அடிக்கும். அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்த வாசலைத் தாண்டிக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். மகனிடம் கார் இருக்கிறது. ஆனால் கதவை மூடிய எந்த வண்டியில் ஏறினாலும் அவளுக்கு வாந்தி. பஸ், வேன், கார் எல்லாம் ஒன்றுதான். முச்சக்கர வண்டியில் பெட்ரோல் வாசனை போதும், முதல் வளைவிலேயே பையைத் தேடுவாள்.

"அப்பா, இந்த வயசுல நோயாளிய பைக்குல ஏத்திக்கிட்டுப் போனா ஊர்ல என்னையத்தான் காறித் துப்புவாங்க" என்றான் மகன்.

"துப்பட்டும். அடிக்கிற காத்துக்கு அவனுங்க மூஞ்சியிலேயே வந்து விழும்" என்றேன்.

"ஒங்கப்பாவ விடு ராசா. காத்து மூஞ்சில பட்டாத்தான் எனக்கு உசிரே வருது" என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியது காற்று. எனக்கு எதிரி காற்று. இப்படித்தான் எங்கள் பயணம்.

அவள் சேலையோடு ஒருக்களித்துத்தான் உட்காருவாள். இரண்டு காலும் இடது பக்கம். வண்டி வாங்கிய புதிதில், காலைப் பிரித்துப்போட்டு உட்கார் என்று கெஞ்சியிருக்கிறேன். "ஆம்பள மாதிரியா? கொன்னு போட்டாலும் மாட்டேன்" என்றாள். சாதாரண நாளில் பரவாயில்லை. காற்று நாளில், ஒரு பக்கம் கனக்கிற வண்டியைக் காற்று மோப்பம் பிடித்துவிடும். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் செங்கல். தடித்த கென்வஸ் பையில் செங்கல்லை அடுக்கி, அவளுக்கு எதிர்ப்பக்கம், சைலன்சரில் படாமல் வலது பக்கம் கட்டினேன். வண்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. என்ஜினியர் படித்தவன்கூட இதை யோசித்திருக்க மாட்டான்.

புறப்படும்போதெல்லாம் கேட்பாள்: "என்ன, சக்களத்தியக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. ஒன்னைய விட அழகா அசையாம உக்காந்திருக்கா."

"அவளுக்கு வாயில்ல, அதான்."

ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பொலிஸ்காரர் நிறுத்தினார். பையில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "கடொல்" என்றேன். செங்கல் என்றதும் அவர் பையைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள், ஆஸ்பத்திரிலே வீடு கட்ட போறதா?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார். பாலம் முடியும் வரைக்கும் அவள் என் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

முதலில் எனக்குத் தெரிந்தது மடவளைப் பக்கத்து நேரான பாதையில். காற்றே இல்லாத காலை. ஹேண்டில் வலது பக்கம் இழுத்தது. டயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. செங்கல் அதே செங்கல். அவள்தான் குறைந்துவிட்டாள். அன்றைக்கு அரைக் கல்லை எடுத்து வேலியோரம் போட்டேன். அடுத்த மாதம் இன்னொன்றை எடுத்தபோது அவள் கேட்டாள்.

"சக்களத்தியும் மெலியிறாளா?"

"ஒன்னைப் பாத்து அவளும் பத்தியம் இருக்கா" என்றேன். அவள் சிரித்தாள். நான் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தேன்.

பிறகு டாக்டர் மகனைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். இதயமும் தளர்ந்துவிட்டது, வேறு சிறுநீரகம் வைக்கிற உடம்பு இல்லை, மெஷின் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள். மகன் கடை வாசலில் நின்று இதைச் சொன்னான். நான் ஒரு ஆளுக்குத் தகரம் அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்துத்தான் திரும்பினேன்.

அந்த நிலைமையில்தான் இந்த வருடம் ஆடி வந்தது. பாரம் தெரிந்தவன் நான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கும் சரிவரவில்லை. அவள் குறையக் குறைய, வண்டி சாயாமல் இருக்கச் செங்கல்லைக் குறைக்க வேண்டும். செங்கல்லைக் குறைத்தால் வண்டிக்கே பாரம் இல்லை, காற்று தூக்குகிறது. இரண்டு பக்கமும் போட நினைத்தால் இடது பக்கம் அவள் கால். எடுத்தாலும் தோல்வி, வைத்தாலும் தோல்வி. எத்தனையோ லொறிச் சரக்கை ஒற்றை ஆளாகச் சரிபார்த்து ஏற்றியவன், ஒரு பொம்பளையையும் நாலு கல்லையும் வைத்துக்கொண்டு முழித்தேன்.

ஒரு நாள் காலை காத்து வாசலில் அடித்த அடியில் வண்டி அப்படியே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. பஸ் ஒன்று மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றது. சாரதி தலையை வெளியே போட்டான்.

"தாத்தா! பட்டம் விடுறதுன்னா மைதானத்துக்குப் போங்க!"

அவனுக்குச் சொல்ல எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. வண்டியை உருட்டி ஓரம் கட்டினேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "போகலாங்க, நேரமாச்சு" என்றாள்.

விஷயம் மகன் காதுக்குப் போனது. அடுத்த முறை காரில்தான் போனோம். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டும் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாமலே வாந்தி. இரத்த அழுத்தம் விழுந்துபோய், மெஷினைப் பாதியில் நிறுத்தினார்கள். மெஷின் எடுக்காமல் விட்ட தண்ணீர் உடம்பிலேயே தங்கி, இரவெல்லாம் கதிரையில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தாள். அதன் பிறகு காரைப் பற்றி மகன் பேசவில்லை.

அடுத்த முறைக்கு நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வந்தாள். மகனின் பழைய காற்சட்டை, அதற்கு மேல் நீளச் சட்டை. இடுப்பில் நிற்காததால் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சேலையில்லாமல் அவளை வாசலுக்கு வெளியே நான் பார்த்ததில்லை.

"என்ன இது?"

"காலப் போட்டு உக்காரச் சொன்னீங்கல்ல?"

"அப்ப மாட்டேன்ன?"

"அப்ப வெக்கமா இருந்துச்சு. வெக்கப்படுறதுக்கும் ஒடம்பு வேணுமில்லங்க."

செங்கல் பையை அவிழ்த்து மாமரத்தடியில் வைத்தேன். அவள் என் தோளைப் பிடித்து, காலைத் தூக்க முடியாமல் தூக்கி, உட்கார்ந்தாள். இத்தனை வருடம் நான் கேட்டது கிடைத்தது. கிடைத்திருக்க வேண்டாம்.

காத்து வாசலில் காற்று அடித்தது. வண்டி நேராகப் போனது.

"ஆடலையே?" என்றாள்.

"ஆடல."

திரும்பி வரும்போது காத்து வாசல் ஏற்றம். அவளோடு போனால் முதலாம் கியரில்தான் ஏறும், அதுவும் முனகிக்கொண்டு. அன்று மூன்றாம் கியரிலேயே ஏறியது. தனியாக வருகிறவனை ஏற்றிப்போவது போல ஏறியது. ஹெல்மட் முதுகில் முட்டுவதை வைத்துத்தான் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது.

"என்னங்க, மூஞ்சில காத்தே படல" என்றாள்.

ஒருக்களித்து உட்கார்ந்திருந்தபோது அவள் முகம் என் முதுகுக்கு வெளியே, காற்றில் இருந்தது. இப்போது என் முதுகு மறைக்கிறது. சின்னப் பையன்கள் ரேஸ் ஓடுவது போல, நெஞ்சு டேங்கில் படும்படி குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டினேன்.

"இப்பப் படுதா?"

"இல்லீங்க."

சவுக்கு மரங்கள் வளைந்து தரையைத் தொட்டுவிடும் போல இருந்தன. என் கண்ணில் வந்த தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கிவிடு என்றேன். தூக்கித்தான் இருக்கிறது என்றாள். இன்னும் குனிந்தேன். அவளை மறைக்க இனி என் முதுகும் இல்லை.

"இப்ப?"

"இல்ல" என்றாள்.